கொடைக்கானல் நாள்குறிப்பு: காயலான் கடைக்குப் போன உலோகம்

வியாழன் இரவு, நாயுடுபுரம்

காலையில் மதுரையில் பஸ் ஏறி, வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டு, மத்தியானத்துக்குள் மேலே வந்துவிட்டோம். அரசுப் பேருந்தில் வந்தால் இ-பாஸ் தொல்லை இல்லை. 2024 மே மாதத்திலிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்களுக்குத்தான் அந்த வேலை. பெருமாள்மலையில் வண்டி நின்றபோது ஏறிய குளிர் இன்னும் இறங்கவில்லை. ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

கூட வந்திருப்பவள் அக்கா மகள். கஜகஸ்தானில் செமே என்ற ஊரில் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். செமேயின் பழைய பெயர் செமிபலாடின்ஸ்க். சோவியத் யூனியன் தன் முதல் அணுகுண்டை 1949 ஆகஸ்ட் 29 அன்று வெடித்துப் பார்த்தது அந்த ஊருக்கு மேற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புல்வெளியில். 1989 வரை அங்கே 456 சோதனைகள் நடந்தன. 1991இல், அதே ஆகஸ்ட் 29 அன்று, தளத்தை மூடினார்கள். ஊர்க்காரர்கள் அந்த இடத்தைப் பொலிகன் என்றுதான் சொல்வார்களாம்.

இதெல்லாம் அவளை அனுப்பும்போது அக்காவுக்குத் தெரியாது. ஏஜென்ட் சொன்னது கட்டணத்தையும் குளிரையும் மட்டும்தான். தெரிந்த பிறகு தினமும் போனில், "தண்ணியக் காய்ச்சிக் குடிச்சியா?" காய்ச்சினால் போகிற சங்கதியா அது! நான் மண் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் இந்த விஷயத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் குடும்பத்தில் எனக்குத்தான் போன் வரும்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்: "சித்தி, நம்ம பக்கத்துல அந்த மாதிரி கெட்டுப்போன மண்ணு எதுவும் இல்லல்ல?" குண்டு வெடித்த மண் நம் நாட்டில் பொக்ரானில்தான் இருக்கிறது, ராஜஸ்தானில். ஆனால் பாதரசம், ஈயம் போன்ற கன உலோகம் இறங்கி உட்கார்ந்துவிட்ட மண் வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சரி, கிளம்பு என்று கூட்டி வந்துவிட்டேன்.

வெள்ளி, செயின்ட் மேரிஸ் ரோடும் மூஞ்சிக்கல்லும்

லா சலேத் மாதா கோயிலுக்குப் போகும் வழிதான் செயின்ட் மேரிஸ் ரோடு. தெர்மாமீட்டர் கம்பெனி எங்கே என்று கேட்டால் ஊரில் யாரும் வழி சொல்வார்கள். மூடி இத்தனை வருஷமான பிறகும் அது கம்பெனிதான். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தால் மரங்களைத் தவிர அதிகம் ஒன்றும் தெரியாது. காவலுக்கு இருந்தவர் தன்மையாகவே பேசினார்: "உள்ள விடமாட்டாங்கம்மா, போட்டோவும் வேணாம்." நாங்களும் வற்புறுத்தவில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த ஆலை முதலில் இருந்தது அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரத்தில். அங்கே பாதரசக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டிருந்த காலத்தில் 1983 வாக்கில் இங்கே இடம் பெயர்ந்தது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. 1987இல் உலக அளவில் அந்தக் கம்பெனியை யூனிலீவர் வாங்கியதால் இந்துஸ்தான் லீவரிடம் வந்தது. உருவான தெர்மாமீட்டர்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கு. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, கண்ணாடியும் அப்படித்தான், தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போனது. இங்கே தங்கியது உடைந்ததும் சிந்தியதும் மட்டும்.

ஒரு தெர்மாமீட்டருக்குள் இருக்கும் பாதரசம் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை. கையில் எடுத்தால் ஒன்றுமில்லாத அளவு. ஆனால் பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். 20 டிகிரியில் மூடிய அறைக்குள் சிந்திக் கிடந்தால் கன மீட்டர் காற்றில் 13 மில்லிகிராம் வரை ஆவி சேர முடியும். வேலையிடங்களுக்குப் பரவலாகப் பின்பற்றும் வரம்பு 0.025 மில்லிகிராம். இந்த இரண்டு எண்களையும் நான் சொன்னதும் அக்கா மகள் தன் பாடத்திலிருந்து பாதியைச் சேர்த்தாள். காய்ச்சல் பார்க்கும்போது குழந்தை தெர்மாமீட்டரைக் கடித்துப் பாதரசத்தை விழுங்கிவிட்டால் அது குடலில் அநேகமாக ஏறாமல் அப்படியே வெளியே போய்விடுமாம். மூச்சில் போனால் ஐந்தில் நான்கு பங்கு ரத்தத்தில் கலந்துவிடும். கை நடுக்கம், ஈறு வீக்கம், மறதி, சிறுநீரகக் கோளாறு எல்லாம் அப்புறம் வருவது.

அங்கிருந்து ஆட்டோவில் மூஞ்சிக்கல். கொடைக்கானலுக்குள் நுழையும் எல்லா வண்டியும் திணறுகிற இடம், சனி ஞாயிறில் நடந்து போவதே வேகம். நாங்கள் பார்க்க வந்தது இங்கே முன்பு இருந்த ஒரு காயலான் கடையின் இடத்தை. 2001 மார்ச்சில் அந்தக் கடையில் டன் கணக்கில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி, பாதரசம் ஒட்டியபடியே மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்க்காரர்களும் பழனிமலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். மார்ச் 7 அன்று ஊர்வலம் நடந்தது. அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு தங்கள் நடைமுறைக்கு மாறாகக் கடைக்கு விற்கப்பட்டதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2003இல் 290 டன் கழிவைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி, பாதரசத்தைப் பிரித்தெடுக்க அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த தொழிலின் குப்பை அமெரிக்காவுக்கே போனது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்கு நச்சுக் கழிவு போனதாக நாம் கேள்விப்படும் கதைகள் மிகக் குறைவு என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

டீக்கடை அண்ணனுக்கு அந்த ஊர்வலம் நினைவிருந்தது. "அப்ப நான் சின்னப் பையன். இவ்வளவு கூட்டம் சீசன்லகூடப் பாத்ததில்ல" என்றார். அதற்கு மேல் பேச அவருக்கு விருப்பமில்லை. டூரிஸ்ட்டை நம்பிப் பிழைக்கும் ஊரில் இந்தப் பேச்சு வியாபாரத்துக்கு ஆகாது, புரிகிறது.

டீ ஆறுவதற்குள் அக்கா மகள் ஒன்று சொன்னாள். பொலிகனில் டெகெலென் என்று ஒரு மலை இருக்கிறது. அதைக் குடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் போட்டு உள்ளே குண்டு வெடித்தார்கள். சோவியத் யூனியன் கலைந்த பிறகு காவலும் போய், வேலையும் போய், சுற்று வட்டார மக்கள் அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கிச் செம்புக் கம்பியையும் இரும்பையும் உருவி விற்கத் தொடங்கினார்கள். அந்தச் சுரங்கங்கள் சிலவற்றில் புளூட்டோனியம் மிச்சமிருந்தது. கஜகஸ்தான், ரஷ்யா, அமெரிக்கா மூன்றும் சேர்ந்து, அதிகம் வெளியே சொல்லாமல், சுரங்கங்களைக் கான்கிரீட் ஊற்றி அடைத்து முடிக்க 2012 ஆனது.

"அங்கயும் பழைய இரும்புக் கடைதான் சித்தி" என்றாள்.

இரவு முழுக்க எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கழிவுநீர், புகை, காற்று, மழை என்று உலோகம் பரவும் வழிகளைத்தான் நாங்கள் படிக்கிறோம். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று தராசில் ஏறி வெளியே போகும் வழியை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. கனிமம் தோண்டும்போதே விலை உள்ள பொருளாகத்தான் உலோகம் வெளியே வருகிறது. கெட்டுப்போன பிறகும் அந்த விலை போவதில்லை. வேலியை உடைப்பது அந்த விலைதான்.

சனி, வானாய்வகமும் பாம்பார் சோலையும்

கொடைக்கானல் வானாய்வகம் 1899இல் தொடங்கியது. சூரியனைப் பார்ப்பதற்குப் பேர் போன இடம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது இங்கேதான். ஆனால் நான் அக்கா மகளைக் கூட்டிப்போனது வேறு காரணத்துக்காக. பூமியின் நடுக்கத்தைப் பதிவு செய்யும் வேலையும் ஆரம்ப காலத்திலிருந்தே இந்த மேட்டில் நடந்து வந்திருக்கிறது. 1960களில் அமெரிக்கா உலகம் முழுவதும் ஒரே மாதிரியான நிலநடுக்கமானிகளை 120 இடங்கள்போலப் பொருத்தியது. அந்த வலைப்பின்னலில் இந்தியாவில் டெல்லி, புனே, ஷில்லாங் ஆகியவற்றோடு கொடைக்கானலும் இருந்தது. நோக்கம், பூமிக்கடியில் எவராவது குண்டு வெடித்தால் அதை இயற்கையான நடுக்கத்திலிருந்து பிரித்தறிவது. கண்டத்தட்டுகள் நகர்வதற்கான ஆதாரம் கொட்டோ கொட்டென்று கிடைத்தது அதன் உபரி லாபம்.

"அப்ப எங்க ஊர்ல வெடிச்சத இங்க உக்காந்து கேக்கத்தான் வச்சாங்களா?" என்றாள். ஆமாம், அவள் ஊரையும் அமெரிக்கா குண்டு சோதித்த நெவாடாவையும் சேர்த்துத்தான்.

குண்டுகள் இந்த மலைக்கு அனுப்பியது நடுக்கம் மட்டுமல்ல. வளிமண்டலத்தில் வெடித்த குண்டுகளின் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் மழையோடு உலகம் முழுக்க இறங்கியது. உச்சம் 1963 வாக்கில். இந்த மேட்டுப் புல்தரையின் மேல் மண்ணைக் கொஞ்சம் எடுத்து நல்ல கருவியில் வைத்தால் அதன் தடம் தெரியும். மண் அரிப்பைக் கணக்கிடுகிறவர்கள் உலகெங்கும் அதையே அடையாளமாகப் பயன்படுத்துகிறார்கள். சீசியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 ஆண்டு. 1963இல் விழுந்ததில் இன்று கால்வாசிதான் மிச்சம். இன்னும் ஒரு நூறு வருஷம் போனால் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

கன உலோகத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. சோதனைத் தளம் என்றதும் எல்லோருக்கும் கதிர்வீச்சுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு குண்டைச் சோதிக்க எத்தனை உலோகம் போகிறது என்று பாருங்கள்: யுரேனியம், பெரிலியம், கதிரை மறைக்க ஈயம், அளவைக் கருவிகளுக்குச் செம்புக் கம்பி, கோபுரத்துக்கு இரும்பு. எல்லாம் ஆவியாகி, பொடியாகி, மண்ணுக்கு வருகிறது. யுரேனியம்-238இன் அரை ஆயுள் 450 கோடி ஆண்டுகளுக்கு நெருக்கம், அதாவது கதிர்வீச்சாகப் பார்த்தால் மிகவும் மந்தம். ஆனால் சிறுநீரகத்துக்கு ஈயத்தைப்போல அதுவும் விஷம். டெகெலென் சுரங்க வாய்களிலிருந்து கசியும் ஓடைகளில் கதிர்வீச்சுள்ள ஸ்ட்ரான்சியத்தோடு யுரேனியமும் வருகிறது. ஸ்ட்ரான்சியம் ஒருநாள் தீரும்.

மத்தியானம் பாம்பார்புரம் வழியாக வட்டக்கானலுக்கு நடந்தோம். வட்டக்கானல் இப்போது மேகி கடையும் ஹோம்ஸ்டே போர்டுமாக ஆகிவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. பாம்பார் சோலையின் ஓரம் மட்டும் இன்னும் பழைய கொடைக்கானல். மரத்தண்டு முழுக்கப் பாசி, பாசிக்கு மேல் ஆர்க்கிட், காலடியில் மழைக்காலத்துக் காசித்தும்பை. காட்டுமாடு ஒன்று ரோட்டோரத்தில் நின்று எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடிகள் இந்தச் சிறிய காட்டில் உண்டு.

ஆலை இருப்பது இந்தச் சோலைக்கு மேல் உள்ள மேட்டு விளிம்பில். ஆலை வளாகத்திலிருந்து வழிகிற மழைநீர் இறங்க வேண்டிய திசையும் இதுதான். தண்ணீர் மட்டும் பிரச்சினை இல்லை. காற்றில் இருக்கும் பாதரச ஆவியை இலைகள் மூச்சுத்துளை வழியாக உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். இலை உதிரும்போது பாதரசமும் சேர்ந்து தரைக்கு வரும். காடு அடர்த்தியாக இருந்தால் வாங்குவதும் அதிகம். பாசிக்கும் மரப்பாசிக்கும் வேர் இல்லாததால் காற்றிலிருந்துதான் எல்லாம் கிடைக்கும், அதனால் அவை அந்தப் பகுதிக் காற்றின் சாட்சி. பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஹைதராபாத் விஞ்ஞானிகள் கொடைக்கானலின் பாசியைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் பாதரசம் இயல்பைவிட அதிகம் என்று சொன்னது இந்த வழியில்தான். ஏரியைச் சோதித்த ஆய்வு 2006இல் வந்தது. ஆமாம், அணு ஆராய்ச்சி மையம். நுண்ணிய அளவில் உலோகத்தை அளக்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

நண்பர்கள் கேட்பார்கள்: ஆய்வகத்தில்தானே வேலை, ஒரு பிடி மண் எடுத்துவந்து சோதித்துவிடலாமே? எங்கள் ஆய்வகம் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கார அமில நிலை, துத்தநாகம் வரை போகும். பாதரசத்துக்கு அடுப்பில் மண்ணைக் காய வைப்பதே தப்பு, பாதி பறந்துவிடும். அறை வெப்பத்தில் உலர்த்தி, அமிலத்தில் கரைத்து, ஆவியாக மாற்றி அளக்கும் தனிக் கருவி வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், பாதரசம் மண்ணில் சீராகக் கலப்பதில்லை. மணி மணியாகக் கிடக்கும். இந்தப் பிடியில் ஒன்றுமிருக்காது, ஒரு சாண் தள்ளி எடுத்தால் எண் எகிறும்.

ஆஸ்திரேலியாவில் மரலிங்கா என்ற இடத்தில் பிரிட்டன் 1956, 57இல் ஏழு குண்டுகளை வெடித்தது. அதைவிட அதிகமாக மண்ணைக் கெடுத்தவை 1963 வரை நடந்த 'சிறிய சோதனைகள்'. அவற்றில் சுமார் 22 கிலோ புளூட்டோனியத்தைச் சாதாரண வெடிமருந்தால் சிதறடித்தார்கள், கூடவே யுரேனியமும் பெரிலியமும். அங்கேயும் இதே கதை: கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள், திட்டுத்திட்டாக. ஒரு பிடி மண்ணை வைத்து 'சுத்தம்' என்றும் சொல்லலாம், 'நாசம்' என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் மதிப்பில்லை.

ஞாயிறு

காலையிலிருந்து மழை. ஏரிப் பக்கம் போய்ச் சுக்குக் காபி குடித்துவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டோம். ஹோம்மேட் சாக்லேட் என்று எழுதிய கடைகளை எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டோம்.

அக்கா போனில் கேட்டாள், அங்கே தண்ணீர் எப்படி என்று. அக்கா மகள் பொறுமையாகச் சொன்னாள்: பொலிகன் ஊருக்கு மேற்கே இருக்கிறது, இர்திஷ் ஆறு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆற்றின் மேல்பகுதியில் ஓஸ்கெமென் நகரத்தில் ஈயமும் துத்தநாகமும் உருக்கும் பெரிய ஆலைகள் உண்டு. ஆக, தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமென்றால் குண்டைவிட உருக்காலையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அக்காவுக்கு இது ஆறுதலாக இல்லை.

திங்கள், பூம்பாறை

காலைப் பேருந்தில் பூம்பாறை. மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஊருக்கு வெளியிலும் பெயர் பரவியிருக்கிறது. குழந்தை வேலப்பர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்கும் வயல்களுக்குள் போனோம். பூண்டு காயப்போட்டிருந்த ஒரு பெரியவர் உட்காரச் சொன்னார். என் வேலையைச் சொன்னதும், எதற்கு எவ்வளவு உரம் என்று அரை மணி நேரம் என்னை விடவில்லை. அதன் பிறகு நான் கேட்டேன், உருளைக்கிழங்கு போட்ட காலத்தில் விதைக்கு என்ன செய்வீர்கள் ஐயா என்று.

"மருந்துல முக்கித்தான் நடுவோம்மா. இல்லாட்டி அழுகிப் போகும்ல."

எந்த மருந்து என்று அவருக்கு இப்போது நினைவில்லை. நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. விதைக் கிழங்கை நனைக்கப் பாதரசம் கலந்த பூஞ்சாணக்கொல்லி இந்தியாவில் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. மற்ற பயிர்களுக்குத் தடை வந்த பிறகும் உருளைக்கும் கரும்புக்கும் மட்டும் விதை நேர்த்திக்கு அனுமதி நீடித்தது. முழுத் தடை 2018 ஆகஸ்டில்தான் வந்தது. எந்த மலை வயலிலும் கொஞ்சம் பாதரசம் தென்பட்டால் எல்லாவற்றையும் ஆலையின் தலையில் கட்டிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதே சமயம், ஆலைக்கு ஒட்டிய மண்ணில் இருப்பதை உருளைக்கிழங்கின் தலையில் கட்டவும் முடியாது. அளவு வேறு. கெடாத மண்ணில் பாதரசம் பெரும்பாலும் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும். ஆலை வளாக மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்று அனுமதிக்கப்பட்ட இலக்கு கிலோவுக்கு 20 மில்லிகிராம். மண்ணைக் கழுவி, மிச்சத்தைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கிப் பிடிப்பது முறை. அந்த 20 போதாது, பிரிட்டனில் இதே இடம் என்றால் இன்னும் இறுக்கியிருப்பார்கள் என்பது சூழல் அமைப்புகளின் வாதம்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அக்கா மகள் கேட்டாள், 20 என்ற எண்ணை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று. முதலில் கேட்க வேண்டியது, அந்த நிலத்தில் நாளைக்கு யார், எப்படி வாழப்போகிறார்கள் என்பது. வீடு கட்டிக் குழந்தை மண்ணில் விளையாடும் இடமா, கிடங்கு கட்டும் இடமா, காய்கறி போடும் இடமா என்பதைப் பொறுத்து எண் மாறும். மரலிங்காவில் 1996 முதல் 2000 வரை மேல் மண்ணைச் சுரண்டி ஆழக் குழிகளில் புதைத்தபோது, அந்த நிலத்தின் பழங்குடி மக்கள் வெட்டவெளியில் தூங்குவார்கள், நெருப்பு மூட்டிப் புழுதியில் உட்கார்வார்கள், குழந்தைகள் மண்ணைத் தின்பார்கள் என்றெல்லாம் கணக்கில் சேர்த்துத்தான் வரம்பு போட்டார்கள். அப்படிப் போட்ட பிறகும் ஒரு பகுதியில் தங்கக்கூடாது, வேட்டையாடிக் கடந்து போகலாம் என்று எல்லைக் கம்பம் நட்டார்கள். குறை உண்டு, ஆனால் யாருக்காக அந்த எண் என்பதையாவது வெளிப்படையாகச் சொன்னார்கள்.

பாம்பார் சோலைக்கு யாரைக் கணக்கில் சேர்ப்பது? அங்கே யாரும் வீடு கட்டப்போவதில்லை. மண்ணைத் தின்னும் குழந்தை இல்லை. அப்படிப் பார்த்தால் 20 தாராளமாகப் போதும். ஆனால் காட்டுக்குள் சதுப்பான, காற்றுப் புகாத மூலைகளில் சில நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற இன்னும் கொடிய வடிவமாக மாற்றும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் மீன் சாப்பிட்டவர்களின் நரம்பை முறித்தது அதுதான். அது பூச்சியில் ஏறி, சிறு மீனில் ஏறி, பெரிய மீனில் ஏறி, ஒவ்வொரு படியிலும் அடர்ந்துகொண்டே போகும். மனிதர் வாழும் வளாகத்துக்குப் போட்ட எண்ணை நீரோடைக்கு மேல் இருக்கும் சரிவுக்கும் போட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. மண்ணுக்கு ஓர் எண், ஓடை வண்டலுக்குத் தனியாக ஓர் எண், மீனுக்கு இன்னொன்று, மூன்றும் வேண்டும்.

தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு வரி. ஆலையால் உடல்நலக் கேடு வந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. வேலை பார்த்தவர்கள் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. 2015இல் சென்னைப் பெண் ஒருவர் பாடிய ராப் பாட்டு இணையத்தில் பரவிய மறு வருஷம், 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. பதினைந்து வருஷம் வழக்கும் மனுவும் நகர்த்தாததை ஒரு பாட்டு நகர்த்தியது என்று சொல்வார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். அந்தப் பதினைந்து வருஷமும் ஆட்கள் சேர்ந்து நிற்காமல் இருந்திருந்தால் பாட்டில் பாட என்ன இருந்திருக்கும்?

செவ்வாய், கும்பக்கரை

இறங்கும்போது பேருந்து வேண்டாம், அடுக்கம் வழியாகப் போகலாம் என்று கார் பேசினோம். பெருமாள்மலையிலிருந்து பெரியகுளத்துக்கு இறங்கும் குறுக்கு வழி. மழை பலமாகப் பெய்தால் மண் சரிந்து மூடிவிடும் சாலை, நாங்கள் போன அன்று திறந்திருந்தது. ஓட்டுநர் தம்பி வழியெல்லாம் ஹாரனிலேயே கை வைத்திருந்தார். அக்கா மகளுக்கு வாந்தி. அடுக்கத்துக்குக் கீழே வந்ததும் காபித் தோட்டமும் பலாவும் போய், மாந்தோப்பு தொடங்கியது. காது அடைத்துத் திறந்தது.

கும்பக்கரை அருவிக்கு வருவது பாம்பாறு. மேலே சோலையின் ஓரத்தில் நாங்கள் தாண்டிப்போன தண்ணீர் கீழே பாறையில் குடைந்த குழிகளில் விழுந்து, வழுக்கி, பெரியகுளம் பக்கம் போய் வைகையில் சேர்கிறது. வனத்துறை சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். செவ்வாய்க்கிழமை என்பதால் கூட்டம் குறைவு. குளிக்க வந்திருந்த குடும்பங்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்ட தாத்தாக்கள், பாறையில் துணியைக் காயப்போட்ட பையன்கள்.

"இதுல குளிக்கலாமா சித்தி?"

தாராளமாகக் குளிக்கலாம், நானும் குளித்தேன். பாதரசம் தண்ணீரில் கரைந்து ஓடுவது மிகக் கொஞ்சம், தோலில் பட்டுப் போகிற தண்ணீரால் ஆபத்தில்லை. வண்டலும் அதில் வளர்கிற மீனும்தான் கேள்வி. மேலே மழை பெய்தால் ஓடை கலங்கி இறங்குகிறது, அந்தக் கலங்கலோடுதான் உலோகம் பயணம் செய்யும், தெளிந்த நீரில் அல்ல. ஆகவே வெயில் காலத்தில் பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் சோதித்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அறிக்கை எழுதினால் நான் நம்ப மாட்டேன். ஐப்பசி கார்த்திகையில், வெள்ளம் வடிந்த மறுநாள், இந்தப் பாறைக் குழிகளின் அடியில் தங்கும் சேற்றை எடுக்க வேண்டும். அதே குழியில், அதே மாதத்தில், வருஷா வருஷம்.

வாசலில் நீர்வரத்து அதிகமானால் குளிக்கத் தடை என்று எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. நல்ல ஏற்பாடு, உயிர் பிழைக்கிறது. அதே பலகையில் கீழே, இந்த வருஷம் சேற்றில் பாதரசம் இவ்வளவு, போன வருஷம் இவ்வளவு என்று சுண்ணாம்பில் எழுதினால் செலவு ஒன்றுமில்லை. இதைச் சொன்னதும் அக்கா மகள் சிரித்தாள். செமேயில்கூட அப்படி ஒரு பலகையை அவள் பார்த்ததில்லையாம். ஊருக்கு நடுவே, ஆற்றுத் தீவில், குழந்தையைக் குனிந்து மூடும் தாயின் சிலையோடு பெரிய நினைவுச் சின்னம் 2001இல் கட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், இவளும் எடுத்திருக்கிறாள்.

பெரியகுளம் பேருந்து நிலையத்துக்கு எதிரே பழைய இரும்புக் கடை ஒன்று. தராசில் ஒரு பையன் உடைந்த மின்விசிறி மோட்டாரை வைத்துக்கொண்டிருந்தான். மதுரை வண்டி வர இன்னும் நேரம் இருந்ததால் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். பேட்டரி ஈயம் வாங்குவாராம், செம்பு வாங்குவாராம், தெர்மாமீட்டர், டியூப்லைட் மாதிரிச் சாமான் எடுப்பதில்லையாம். ஏன் அண்ணே என்றேன். "அதுக்கு வெல இல்லம்மா" என்றார்.